இரும்பு குறைந்தது, சிபிகே-வும் குறைந்தது: கஸ்டமருக்கு என்ன பதில் எழுதுவது?

பர்கூர் க்யூசி:

எல்லோருக்கும் வணக்கம். பர்கூர் பக்கம் ஒரு க்வார்ட்ஸ் யூனிட்டில் க்யூசி (தரப் பரிசோதனை) பார்க்கிறேன். கல்லை உடைத்து, 30-80 மெஷ் க்ரிட்டாகச் சலித்து, மேக்னட்டில் ஓட்டி, ஜம்போ பையில் ஒரு கண்ணாடிக் கம்பெனிக்கு அனுப்புகிறோம். ஸ்பெக் ஒன்றுதான் முக்கியம்: இரும்பு ஆக்சைடு 200 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 200 பங்குக்கு) மேல் போகக் கூடாது. போனால் கண்ணாடி பச்சை அடிக்கும், லோடு திரும்பி வரும்.

அவர்கள் மாதாமாதம் ஒரு எக்செல் தாள் அனுப்பச் சொல்கிறார்கள். லாட் ரிசல்ட்டைப் போட்டால் அதுவே சிபி, சிபிகே (ரிசல்ட்டுகள் ஸ்பெக் எல்லைக்குள் எவ்வளவு வசதியாக அடங்குகின்றன என்று காட்டும் மார்க், கூடினால் நல்லது) கணக்குப் போட்டுக்கொள்ளும். மேல் எல்லை 200, கீழ் எல்லை 0 என்று அவர்களே நிரப்பி வைத்திருக்கிறார்கள், அந்தக் கட்டம் லாக் ஆகியிருக்கிறது.

பழைய மேக்னட் இருந்தபோது சராசரி 95, எஸ்டி (ஸ்டாண்டர்ட் டீவியேஷன், ரிசல்ட்டுகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) 32. தாள் காட்டிய சிபிகே 0.99. அப்போதே 1.33 வேண்டும் என்று நெருக்கினார்கள், அதனால்தான் முதலாளி ஜூலையில் ரேர் எர்த் ரோல் மேக்னட் வாங்கிப் போட்டார். அதற்கப்புறம் போன 40 லாட்டில் சராசரி 60, எஸ்டி 25, இருப்பதிலேயே பெரிய ரிசல்ட் 151. இது முன்னேற்றம்தானே? தாள் காட்டுகிற சிபிகே 0.80. 'ப்ராசஸ் மோசமாகியிருக்கிறது, கரெக்டிவ் ஆக்ஷன் அனுப்பவும்' என்று மெயில் வந்திருக்கிறது. இத்தனை லட்சம் கொட்டி மேக்னட் போட்டு மார்க் குறைந்ததா என்று முதலாளி என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை.

கணக்கை நான் கையால் போட்டும் பார்த்துவிட்டேன், தாளில் ஃபார்முலா பிழை இல்லை. எங்கே இடிக்கிறது என்று யாராவது சொல்லுங்கள்.

இன்னொன்று, டைட்டானியத்துக்கும் அதே தாள் கேட்கிறார்கள். ஸ்பெக் 50 பிபிஎம். 40 லாட்டில் 26 லாட்டுக்கு வெளி லேப் '10-க்குக் கீழ்' என்றுதான் ரிப்போர்ட் கொடுத்திருக்கிறது. தாளில் எண் தவிர வேறெதுவும் ஏறாது. சைபர் போடவா, 10 போடவா?

---

சும்மா ஒரு இன்ஜினியர்:

விஷயம் சிம்பிள். இரும்புக்குக் கீழ் எல்லை கிடையாது. சிபிகே என்பது இரண்டு பக்கமும் கணக்குப் போட்டு எது சின்னதோ அதை எடுத்துக்கொள்ளும். உங்கள் மேல் பக்கம் 200-லிருந்து 60 போனால் 140, அதை மூன்று எஸ்டி 75-ஆல் வகுத்தால் 1.87. கீழ் பக்கம் 60-ஐ 75-ஆல் வகுத்தால் 0.80. தாள் அந்த 0.80-ஐ எடுத்துக் காட்டுகிறது. கீழ் எல்லைக் கட்டத்தைக் காலி செய்யச் சொல்லுங்கள், 1.87 வரும், அனுப்பிவிட்டு வேலையைப் பாருங்கள்.

---

ஓசூர் லேப்:

மேலே சொன்னதில் முதல் பாதி சரி, 1.87 மட்டும் சரியில்லை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் சிப்காட்டில் இதே பஞ்சாயத்தை வேறு வேறு கம்பெனியில் பார்த்துச் சலித்துவிட்டது.

முதலில் அந்த சைபர். சைபர் என்பது இயற்கை போட்ட சுவர், கஸ்டமர் போட்ட எல்லை இல்லை. இரும்பு 0 பிபிஎம் வந்தால் யாரும் லோடைத் திருப்பப் போவதில்லை, மாலை போட்டு வரவேற்பார்கள். ஆனால் தாளுக்கு அது தெரியாது, 0-வை 200 மாதிரியே இன்னொரு ஆபத்தான கோடாக எண்ணிக்கொண்டு, நீங்கள் அதன் பக்கம் நெருங்க நெருங்க மார்க் குறைக்கிறது. அதாவது அந்தத் தாளின்படி உங்களுக்கு நல்ல மார்க் வேண்டுமென்றால் சராசரியை 100-க்கு ஏற்ற வேண்டும். அழுக்கைக் கூட்டினால் பாஸ்! இதை அப்படியே கஸ்டமரிடம் எழுதிக் கேளுங்கள், இரும்பு 60 வேண்டுமா 100 வேண்டுமா என்று. பதில் சொல்வதற்குள் அவர்களுக்கே புரிந்துவிடும்.

அதே காரணத்தால் சிபி என்ற எண்ணுக்கும் இங்கே அர்த்தமில்லை. சிபி இரண்டு எல்லைக்கு நடுவே உள்ள அகலத்தை வைத்துப் போடுவது, ஒரே எல்லை இருக்கும்போது அகலம் ஏது? ஒரு பக்க ஸ்பெக்குக்கு மேல் பக்கக் கணக்கு மட்டும்தான், சிபியூ அல்லது பிபியூ என்பார்கள்.

இப்போது 1.87-க்கு வருவோம். அந்த எண் டேட்டா மணி வடிவத்தில், சராசரிக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு பரவி இருக்கிறது என்று நம்பிப் போட்ட கணக்கு. உங்கள் டேட்டா அப்படி இருக்க முடியாது. எப்படிச் சொல்கிறேன் என்றால், சராசரி 60-லிருந்து மூன்று எஸ்டி கீழே இறங்கிப் பாருங்கள்: 60-லிருந்து 75 கழித்தால் மைனஸ் 15. மைனஸ் 15 பிபிஎம் இரும்பு உள்ள கல் நம் ஜில்லாவில் எந்தக் குழியிலும் இல்லை. கீழே போக இடமில்லாததால் எல்லாம் 40, 50 பக்கம் நெருக்கியடித்து நிற்கும், மேலே மட்டும் 90, 120, 151 என்று வால் நீளும். ஹிஸ்டோகிராம் போட்டால் வலது பக்கம் இழுத்துக்கொண்டு போவது கண்ணுக்கே தெரியும். அசுத்தம் எதை அளந்தாலும், இரும்பானாலும் ஈரமானாலும் மிச்ச சால்வென்ட் ஆனாலும், பெரும்பாலும் இந்த உருவம்தான் வரும். லோடு ஃபெயில் ஆவது அந்த வாலில்தான், மணி வடிவக் கணக்கு கண்டுகொள்ளாமல் விடுவதும் அதே வாலைத்தான்.

செய்ய வேண்டியது இது. 40 ரிசல்ட்டையும் எக்செலில் எல்என் ஃபங்ஷன் போட்டு லாக் ஆக்குங்கள், 200-ஐயும் லாக் ஆக்குங்கள், அது 5.298. லாக் எடுத்த டேட்டாவின் சராசரியும் எஸ்டியும் வைத்து அதே மேல் பக்கக் கணக்கைப் போடுங்கள். லாக் எடுத்தபின் ஹிஸ்டோகிராம் இரண்டு பக்கமும் சமமாக வந்தால் இந்த வழி உங்களுக்குப் பொருந்தும். வராவிட்டால் இங்கே சொல்லுங்கள், வேறு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். லாக் பிடிக்காதவர்களுக்கு ஐஎஸ்ஓ 22514-ன் இரண்டாம் பாகத்தில் இன்னொரு வழி இருக்கிறது: சராசரிக்குப் பதில் நடு மதிப்பு, மூன்று எஸ்டிக்குப் பதில் நடு மதிப்புக்கும் 99.865-ஆவது பெர்சென்டைலுக்கும் (நூற்றுக்கு 99.865 ரிசல்ட் அதற்குக் கீழே நிற்கும் அளவு) உள்ள தூரம். இரண்டும் ஒரே விடை தராது, ஆனால் பக்கத்துப் பக்கத்தில் வரும்.

கணக்குப் போடும் முன் ஒரு வேலை. லாட் ரிசல்ட்டை ஓடிய தேதி வரிசையில் வைத்து ஒரு கோடு போட்டுப் பாருங்கள். இந்தத் தாள் போடுகிற சிபிகே எண்ணுக்குள் தேதி கிடையாது. ஜூலையில் எல்லாம் நன்றாக ஓடி, அக்டோபரில் எல்லாம் கெட்டிருந்தாலும் அது ஒரே எண்ணைத்தான் துப்பும்.

---

மில்லுக்காரர், தர்மபுரி:

தம்பி, லாக்கும் பெர்சென்டைலும் அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், நான் படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ, அதற்குள் போகவில்லை. கேட்க வேண்டியது வேறு. இரும்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தீர்களா? வெங்கச்சங்கல்லில் இரும்பு மூன்று தினுசில் வரும், மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

ஒன்று கல்லின் வெடிப்புக்குள் பிடித்திருக்கும் செம்மண்ணும் பழுப்புக் கறையும். இது மேக்னட்டுக்கு மசியாது. கல்லை உடைப்பதற்கு முன்னால் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும், கறை ஏறிய கட்டியைக் கையால் பொறுக்கிப் போட வேண்டும். பொறுக்குகிற பெண்கள் எத்தனை பேர், வெயிலில் பொறுக்குகிறார்களா லைட் வெளிச்சத்தில் பொறுக்குகிறார்களா என்று பாருங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் மஞ்சள் கறை எப்படித் தெரியும்?

இரண்டாவது, கல்லோடு வருகிற கருப்பு மைக்கா மாதிரி சங்கதிகள். இதை நல்ல ரோல் மேக்னட் பிடிக்கும், ஆனால் ஃபீட் மெல்லிசாக ஒரு மணல் அடுக்காக விழ வேண்டும். டன் கணக்கு ஏற வேண்டும் என்று ஷிஃப்ட்காரன் ஹாப்பரைத் திறந்துவிட்டால் மேல் அடுக்கு மேக்னட்டைப் பார்க்காமலே போய்விடும். க்ரிட் ஈரமாக இருந்தால் அதைவிட மோசம், தூசி க்ரிட்டோடு ஒட்டிக்கொண்டே போகும்.

மூன்றாவது நம் மெஷினே போடுகிற இரும்பு. ஜா க்ரஷர் ப்ளேட் தேய்கிறது என்றால் தேய்ந்த இரும்பு எங்கே போயிற்று? க்ரிட்டுக்குள்தான். ப்ளேட் மாற்றிய தேதியை லாட் ரிஜிஸ்டரில் எழுதி வைக்கிற பழக்கம் உங்களிடம் உண்டா?

40 லாட்டையும் ஒரே கூடையில் போட்டுக் கணக்குப் பார்க்காதீர்கள். எந்தக் குழிக் கல், மழைக்கு முன்னா பின்னா, எந்த ஷிஃப்ட் என்று பிரித்து எழுதிப் பாருங்கள். ஐப்பசி மழை இறங்கினால் எங்கள் பாலக்கோடு பக்கமும் இதே கதைதான், லாரியில் வருவது பாதி கல், பாதி சேறு.

---

மாங்கூழ் க்யூசி, காவேரிப்பட்டினம்:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எங்களுக்கும் இதே தாள் ஒரு எக்ஸ்போர்ட் பார்ட்டி அனுப்பினான். மாங்கூழில் 10 கிராமுக்கு எத்தனை கரும்புள்ளி என்று எண்ணுவோம். 0, 1, 0, 2, 0, 0, 1 இப்படித்தான் வரும். இதற்கும் சிபிகே கேட்கிறான். லாக் எடுத்தால் சைபருக்கு எரர் அடிக்கிறது. எனக்கும் ஒரு வழி சொல்லுங்கள் சார்.

---

ஓசூர் லேப்:

மாங்கூழ் நண்பருக்கு: எண்ணிப் பார்க்கிற சங்கதிக்கு சிபிகே கிடையாது, லாக்கும் வேண்டாம். நீங்கள் அளக்கவில்லை, எண்ணுகிறீர்கள். சி சார்ட் (ஒவ்வொரு சாம்பிளிலும் எத்தனை என்று வரிசையாகக் குறிக்கும் சார்ட்) போட்டு, சராசரியாக எத்தனை புள்ளி, எல்லை தாண்டியது எத்தனை சாம்பிள் என்று கொடுங்கள். சராசரி தெரிந்தால் பாய்சான் ஃபார்முலாவில் எல்லை தாண்டும் வாய்ப்பை எக்செலே சொல்லிவிடும்.

மில்லுக்காரர் அண்ணா சொன்ன மூன்றாவது சங்கதிக்கு லேப் பக்கத்திலிருந்து ஒரு வால் சேர்க்கிறேன். பர்கூர் தம்பி, நீங்கள் இரும்பை எப்படிப் பார்க்கிறீர்கள்? ஹெச்எஃப் அமிலத்தில் கரைத்து, ஃபெனாந்த்ரோலின் (இரும்போடு சேர்ந்து நிறம் கொடுக்கும் கெமிக்கல்) கலர் எடுத்து 510 நானோமீட்டரில் படிக்கிறீர்கள் என்றால் முறை நல்ல முறை. கரைப்பதற்கு முன் க்ரிட்டை எதில் அரைக்கிறீர்கள்? குரோம் ஸ்டீல் டிஸ்க் மில் என்றால் லேபே இரும்பு சேர்த்துக் கொடுக்கிறது. க்வார்ட்ஸ் எஃகைவிடக் கடினம், அரைபடுவது இரண்டும்தான். எங்களிடம் ஒரே சாம்பிளை ஸ்டீலிலும் அகேட் கல் உரலிலும் அரைத்துப் பார்த்தபோது ஸ்டீல் பக்கம் 20 பிபிஎம் வரை கூடுதலாகக் காட்டியது. 200 ஸ்பெக்கில் 20 என்பது விளையாட்டு இல்லை.

அப்புறம் எத்தனை கிராம் எடுத்துக் கரைக்கிறீர்கள் என்பதும் பெரிய விஷயம். 1 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் கால் மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவான ஒரே ஒரு எஃகுத் துணுக்கு மாட்டினால் அதன் எடை சுமார் 0.1 மில்லிகிராம். 1 கிராமில் அது 100 பிபிஎம் இரும்பு, ஆக்சைடாக மாற்ற 1.43-ஆல் பெருக்கினால் 143 பிபிஎம். உங்கள் 30-80 மெஷ் க்ரிட்டில் அந்த அளவுத் துணுக்கு சல்லடையில் சுகமாக உட்கார்ந்துகொள்ளும். அந்த 1 கிராமில் துணுக்கு விழுந்தால் ரிசல்ட் 190, விழாவிட்டால் 50, கல் இரண்டு தடவையும் அதே கல்தான். பையிலிருந்து பையாகச் சேர்த்து, கால்கால் பிரித்துக் குறைத்து, அப்புறம் அகேட்டில் மொத்தமாக அரைத்து, அதிலிருந்து எடுங்கள். ஒரே சாம்பிளை ஆரம்பத்திலிருந்து இரண்டு தடவை செய்து பார்த்தால் உங்கள் 25 எஸ்டியில் எத்தனை உங்கள் லேபுடையது என்று தெரியும். உதாரணத்துக்கு லேபின் எஸ்டி 12 என்றால், 25-ன் வர்க்கம் 625-ல் 144 லேபுக்குப் போகும். மிச்சம் 481-க்கு வர்க்கமூலம் எடுத்தால் ப்ராசஸின் உண்மையான எஸ்டி 22. பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும், ஆனால் லேபின் எஸ்டி 20 என்றால் நீங்கள் மேக்னட்டை விட்டுவிட்டு லேபுக்குச் செலவு செய்ய வேண்டும்.

---

பர்கூர் க்யூசி:

ரொம்ப நன்றி சார், அண்ணா. டிஸ்க் மில் குரோம் ஸ்டீல்தான். அகேட் உரல் அலமாரியில் தூங்குகிறது, கை வலிக்கும் என்று யாரும் தொடுவதில்லை. அதை இன்று எடுத்துக் கழுவி வைத்தாயிற்று. சாம்பிள் 1 கிராம் இல்லை, 2 கிராம்.

லாக் எடுத்துப் பார்த்தேன். சராசரி 4.02, எஸ்டி 0.38 வந்தது. 5.298-லிருந்து 4.02 கழித்து, மூன்று 0.38-ஆல் வகுத்தால் 1.12. பெர்சென்டைல் வழியில் போட்டால் 1.22. ஆக, தாள் 0.80 என்கிறது, இன்ஜினியர் 1.87 என்றார், இது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1.33 வரவில்லை என்பது வருத்தம்தான்.

மில்லுக்காரர் அண்ணா சொன்ன மாதிரி பிரித்துப் பார்த்ததில்தான் தூக்கிவாரிப் போட்டது. எங்களுக்கு இரண்டு குழியிலிருந்து கல் வருகிறது. 31 லாட் பழைய குழிக் கல், 9 லாட் புதிய குழி. பழையதில் சராசரி 52, எஸ்டி 16. புதியதில் சராசரி 88, எஸ்டி 31. அந்த 151 புதிய குழிதான், அதுவும் மழை பெய்த வாரம். லாக் போட்டால் பழைய குழிக்கு 1.54, புதியதற்கு 0.86. இந்த 9 லாட்டும் கடைசி இரண்டு மாதத்தில் கொத்தாக விழுந்திருக்கின்றன, தேதி வரிசையில் கோடு போட்டபோது படி ஏறின மாதிரி தெரிந்தது.

அப்படியென்றால் கஸ்டமருக்கு 1.54 கொடுக்கலாமா? புதிய குழிக் கல்லை அவர்களுக்கு அனுப்ப மாட்டோம் என்று எழுதிவிட்டு?

---

சும்மா ஒரு இன்ஜினியர்:

கொடுங்கள் என்றுதான் சொல்வேன். லாக், பெர்சென்டைல் என்றெல்லாம் எழுதினால் பர்சேஸில் உட்கார்ந்திருப்பவருக்குத் தலை சுற்றும். அவருக்கு வேண்டியது 1.33-க்கு மேல் ஒரு எண், கட்டம் பச்சையாக வேண்டும். உலகம் இப்படித்தான் ஓடுகிறது. 1.54 அழகான எண்.

---

மில்லுக்காரர், தர்மபுரி:

எண் அழகாக இருக்கும். லாரி டிரைவர் எந்தக் குழியில் ஏற்றினான் என்று யார் பார்ப்பது? பழைய குழியில் தண்ணீர் நிற்கும்போது முதலாளி புதிய குழியிலிருந்து ஏற்றச் சொல்வார், எல்லா இடத்திலும் நடப்பதுதான். அந்த மாதம் 1.54 என்று எழுதிக் கொடுத்த தாளைக் காட்டிக் கஸ்டமர் கேட்பான். குவியலைத் தனித்தனியாக வைக்க யார்டில் இடம் இருக்கிறதா, அதை முதலில் சொல்லுங்கள் தம்பி.

---

ஓசூர் லேப்:

அண்ணா கேட்டதுதான் சரியான கேள்வி. அனுப்பிய சரக்கு 40 லாட், அப்படியென்றால் அனுப்பிய சரக்கின் எண் 1.12. அதை மாற்ற முடியாது. 1.54 என்பது குவியல்களைப் பிரித்து வைத்தால் இனிமேல் கிடைக்கக்கூடியது. இரண்டையும் கொடுங்கள், ஆனால் இரண்டுக்கும் பெயர் ஒட்டிக் கொடுங்கள். புதிய குழியின் 0.86-ஐ மறைக்கவும் வேண்டாம், பெரிதாக நம்பவும் வேண்டாம், 9 லாட்டை வைத்து எந்த எண்ணும் நிற்காது.

அந்த 1.12 கூடக் கல்லில் செதுக்கியது இல்லை. 40 லாட் வைத்துப் போட்ட எண்ணுக்கு 95 சதவீத நம்பிக்கை எல்லை பார்த்தால் ஏறக்குறைய 0.85-லிருந்து 1.39 வரை நீள்கிறது. ஃபார்முலா இதோ: 9-ஐ லாட் எண்ணிக்கையால் பெருக்கி அதன் தலைகீழ், அதோடு எண்ணின் வர்க்கத்தை லாட் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து இரண்டால் பெருக்கியதால் வகுத்தது, இரண்டையும் கூட்டி வர்க்கமூலம், அப்புறம் 1.96-ஆல் பெருக்கு. இதைப் போட்டுப் பார்த்த பிறகு மாதத்துக்கு 12 லாட்டை வைத்துக்கொண்டு போன மாதம் 1.21 இந்த மாதம் 1.09 ஏன் குறைந்தது என்று கேட்கிறவர்களிடம் எனக்குப் பேசவே தோன்றுவதில்லை. மாதாமாதம் எண் வேண்டாம், காலாண்டுக்கு ஒரு முறை போடுகிறோம், நடுவில் கன்ட்ரோல் சார்ட் (ரிசல்ட்டை லாட் வரிசையில் குறித்து, வழக்கம் மாறினால் காட்டும் சார்ட்) அனுப்புகிறோம் என்று கேட்டுப் பாருங்கள். பல கஸ்டமர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

1.33-க்கு என்ன மகிமை என்று தெரிந்துகொண்டு பேசினால் நல்லது. மணி வடிவ டேட்டாவில் ஒரு பக்கம் 1.33 என்றால் பத்து லட்சத்தில் 32 தாண்டும், 1.00 என்றால் 1,350. உங்கள் 1.12-க்கு லாக் கணக்குப்படி பத்தாயிரம் லாட்டில் 4 லாட் 200-ஐத் தாண்டலாம். வருஷத்துக்கு நீங்கள் அனுப்புவது எத்தனை லாட்? அந்த வெளிச்சத்தில் பார்த்தால் 1.12 பயப்படுகிற எண் இல்லை. போல்ட் கம்பெனி லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளுகிற உருப்படிக்கு உருவான அளவுகோல் இது, மூட்டை மூட்டையாகப் போகிற கனிமத்துக்கும் அப்படியே நீட்டிவிட்டார்கள். இதைக் கஸ்டமரிடம் சண்டையாகச் சொல்ல வேண்டாம், உங்கள் முதலாளியிடம் சொல்லுங்கள், அவருக்குத் தூக்கம் வரும்.

தாளைத் திறந்து இன்னொன்று பாருங்கள். எஸ்டி என்று அது எதை எடுக்கிறது? அடுத்தடுத்த லாட்டுக்கு நடுவே உள்ள வித்தியாசங்களின் சராசரியை 1.128-ஆல் வகுத்து எடுக்கிறது என்றால் அது குறுகிய கால எஸ்டி. ஒரே குவியலிலிருந்து வரிசையாக ஐந்தாறு லாட் ஓட்டும்போது பக்கத்து லாட்டுகள் ஒன்றுபோல இருக்கும், அந்த எஸ்டி சின்னதாக வரும், சிபிகே ஊதிக்கொண்டு தெரியும். குழி மாறிய படி அதில் தெரியவே தெரியாது. மொத்த டேட்டாவுக்கும் சேர்த்து எடுத்த எஸ்டி வைத்துப் போட்டால் அதற்குப் பெயர் பிபிகே. கையால் போட்டு அதே எண் வந்தது என்று நீங்கள் சொன்னதால் உங்கள் தாள் மொத்த எஸ்டிதான் எடுக்கிறது என்று தோன்றுகிறது, அப்படியென்றால் தலைப்பில் சிபிகே என்று போட்டிருந்தாலும் அது பிபிகே-தான். கஸ்டமரிடம் எது வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இனி டைட்டானியம். சைபரும் போடாதீர்கள், 10-உம் போடாதீர்கள். சைபர் போட்டால் லாக் உடையும், சராசரி பொய்யாகக் குறையும். 10 போட்டால் 26 லாட்டும் ஒரே எண்ணாக நின்று எஸ்டி பொய்யாகக் குறையும், சிபிகே எகிறும். பாதியாக 5 போடுவது என்று ஒரு வழக்கம் இருக்கிறது, நாலைந்து லாட் என்றால் கண்ணை மூடிக்கொள்ளலாம், 40-ல் 26 என்றால் பாதிக்கு மேல் நாமே எழுதிய டேட்டா ஆகிவிடும். மருந்துக் கம்பெனிப் பக்கம் இந்தத் தொல்லை தினமும் உண்டு. அங்கே தினம் 2 கிராம் வரை சாப்பிடுகிற மருந்தின் மூலப்பொருளில் 0.05 சதவீதம் வரை உள்ள அசுத்தத்தை ரிப்போர்ட் பண்ணவே வேண்டியதில்லை, ஐசிஹெச் (மருந்துத் தர விதிகளை வகுக்கும் உலக அமைப்பு) விதி. அதனால் தாள் முழுக்க 'எல்லைக்குக் கீழ்' என்றே இருக்கும், அதற்கு யாராவது சிபிகே கேட்டால் நாங்கள் கொடுப்பதில்லை.

உங்கள் டைட்டானியத்துக்கு இப்படி எழுதுங்கள்: 40 லாட், 26 லாட் 10-க்குக் கீழ், மிச்சம் 14-ல் பெரியது இத்தனை, 50 தாண்டியது இல்லை. கூடவே ஒரு வரி. 40-ல் ஒன்றும் தாண்டவில்லை என்பது தாண்டவே தாண்டாது என்பதற்குச் சாட்சி இல்லை. 3-ஐ 40-ஆல் வகுத்தால் 7.5 சதவீதம், 95 சதவீத நம்பிக்கையோடு அதற்குக் கீழே என்று மட்டும்தான் சொல்ல முடியும். லாட் கூடக் கூட அந்த எண் தானாக இறங்கும். டைட்டானியம் பெரும்பாலும் கல்லின் உள்ளேயே இருப்பது, மேக்னட்டோ கழுவலோ அதைப் பெரிதாக அசைக்காது, அதனால் குழிக்குக் குழி ஒரு அளவு என்று நிற்கும். புதிய குழியின் 9 லாட்டைத் தனியாகப் பாருங்கள், அதில்தான் அந்த 14 இருக்கிறதா என்று.

---

சும்மா ஒரு இன்ஜினியர்:

சரி, ஒத்துக்கொள்கிறேன், இரண்டு எண்ணும் கொடுக்கட்டும். ஆனால் மெயில் நாலு வரிக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் படிக்க மாட்டார்கள். இந்தத் திரியை ஒட்டி அனுப்பிவிடாதீர்கள்.

---

பர்கூர் க்யூசி:

14-ல் 8 புதிய குழிதான் சார், அப்படியே இருக்கிறது. யார்டில் இடம் இருக்கிறது அண்ணா, நடுவில் ஒரு ஹாலோ ப்ளாக் சுவர் எழுப்பினால் போதும், முதலாளி சரி என்று சொல்லிவிட்டார், மேக்னட் விலையோடு பார்த்தால் இது செலவே இல்லை. புதிய குழிக் கல்லைக் கழுவிவிட்டுத்தான் க்ரஷருக்கு ஏற்றுவது என்றும் பேசியிருக்கிறோம்.

மெயில் இப்படி எழுதியிருக்கிறேன், திருத்திச் சொல்லுங்கள்:

'ஐயா, இரும்புக்கு மேல் எல்லை 200 மட்டுமே ஸ்பெக். தாளில் கீழ் எல்லை 0 இருப்பதால் சராசரி 95-லிருந்து 60-க்கு இறங்கியும் சிபிகே 0.99-லிருந்து 0.80 ஆகிறது. மேல் எல்லை மட்டும் வைத்து, லாக் எடுத்து, 40 லாட்டுக்கும் போட்ட பிபியூ 1.12. பழைய குழி 31 லாட்டுக்கு 1.54, புதிய குழி 9 லாட்டுக்கு 0.86. குவியல்களைப் பிரிக்கும் வேலை தொடங்கிவிட்டது, அடுத்த 30 லாட்டுக்குப் பின் புதிய கணக்கு அனுப்புகிறோம். லாட் வரிசைச் சார்ட் இணைப்பில் உள்ளது.'

---

ஓசூர் லேப்:

நன்றாக இருக்கிறது. ஒரே திருத்தம்: கூட ஒரு வரியில் பழைய மேக்னட்டின் 95, 32 டேட்டாவுக்கும் அதே மேல் பக்க லாக் கணக்கைப் போட்டு எண் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் 0.99-ஐயும் 1.12-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள், இரண்டும் வேறு வேறு கணக்கு. அகேட்டுக்கு மாறிய தேதியையும் சார்ட்டில் ஒரு கோடு போட்டுக் குறித்துவிடுங்கள், அன்றிலிருந்து ரிசல்ட் இறங்கினால் அது கல்லும் இல்லை மேக்னட்டும் இல்லை.

---

மில்லுக்காரர், தர்மபுரி:

ஜா ப்ளேட் மாற்றும் தேதியையும்.